மழை விடுமுறைக்கு அபராதம் போடும் மென்பொருள்

கேள்வி:

ஐயா, வணக்கம். கடலூரில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் நூலகத்தில் கோஹா என்ற நூலக மென்பொருளைப் போட்டோம். தட்டுத் தடுமாறி நானே கற்றுக்கொண்டேன். இப்போது பண்ருட்டி, நெய்வேலி, பாகூர் பக்கமிருந்தெல்லாம் நூலகர்கள் போன் செய்து சந்தேகம் கேட்கிறார்கள். எல்லோரையும் சேர்த்து ஒரு பயனர் குழு ஆரம்பித்தோம். முதல் கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்தார்கள். இரண்டாவதுக்குப் பதினொன்று, மூன்றாவதுக்கு ஐந்து. வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் மட்டும் தவறாமல் வருகிறது. கேட்டால், கூட்டத்துக்கு வர ஓ.டி. (வேலை நாளில் வெளியே போக அனுமதி) கிடைக்காது என்கிறார்கள். சங்கமாகப் பதிவு செய்து சந்தா வைத்தால் ஒழுங்காக நடக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். கோஹா சர்வீஸ் செய்யும் ஒருவர், கூட்டச் செலவு முழுவதையும் தானே ஏற்றுக்கொள்வதாகச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்:

சகோதரிக்கு வணக்கம். மூன்றாவது கூட்டத்துக்கு ஐந்து பேர் வந்தார்கள் என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்த ஐந்து பேர் யார் என்று எழுதவில்லையே. இருபது வருடத்துக்கு மேல் புதுச்சேரியில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் அனுபவத்தில் மூன்றாவது கூட்டத்துக்கு வருகிறவர்தான் குழு. முதல் கூட்டத்துக்கு வந்த நாற்பது பேர் திறப்பு விழாவுக்கு வந்தவர்கள். கடிதத்தோடு இணைத்திருந்த அழைப்பிதழைப் பார்த்தேன்: சிறப்பு விருந்தினர், பொன்னாடை, பங்கேற்புச் சான்றிதழ், மதிய உணவு. சான்றிதழ் கையில் கிடைத்தவர் அடுத்த மாதம் எதற்கு வரவேண்டும்?

இன்னொன்றையும் மனசுக்குள் ஒப்புக்கொள்வோம். அந்த நாற்பதில் பாதிப் பேருக்குமேல் கோஹாவை, கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழுவின் வருகைக்காகப் போட்டவர்களாக இருப்பார்கள். நாக் படிவத்தில் மென்பொருளின் பெயர், முழுத் தானியக்கமா பகுதியா, எந்த வெர்ஷன், எந்த ஆண்டிலிருந்து என்று நாலு கட்டம் இருக்கும். அதை நிரப்பியதோடு சரி, இஷ்யூ ரிட்டன் இன்னும் லெட்ஜரில்தான் ஓடும். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. ஓர் ஆள் இருந்துகொண்டு நாலு ஆள் வேலை பார்க்கிற நூலகத்தில் வேறு என்ன நடக்கும்? ஆனால் பயன்படுத்தாதவருக்குப் பிரச்சினை வராது, பிரச்சினை வராதவர் கூட்டத்துக்கு வரமாட்டார். அவர்களுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

உங்கள் கேள்விக்கு முன்னால் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. உள்ளூரில் இப்படி ஒரு குழு எதற்கு? கோஹாவுக்கு உலகம் முழுக்க ஏற்கெனவே ஒரு சமூகம் இருக்கிறது. நியூசிலாந்தில் லெவின் என்ற சின்ன ஊர், நம் பண்ருட்டி அளவுகூட இல்லை. அங்கே ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளையின் பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டு பிறந்தால் படுத்துவிடும் என்ற நிலைமை. 1999-இல் ஒரு சிறு நிறுவனத்தைக் கொண்டு புதிதாக எழுத வைத்தார்கள். 2000 ஜனவரி முதல் வாரத்தில் ஓடத் தொடங்கியது. அதைக் கட்டற்ற உரிமத்தில் எல்லோருக்கும் கொடுத்தும்விட்டார்கள். கோஹா என்பது மாவோரி மொழிச் சொல். நம் ஊர் மொய் மாதிரி, வாங்கினால் திருப்பிச் செய்யவேண்டிய அன்பளிப்பு. இன்றைக்கு மே மாதம் ஒன்று, நவம்பர் மாதம் ஒன்று என்று வருடத்துக்கு இரண்டு புதிய வெர்ஷன் வருகிறது. பிழை சொன்னால் பார்க்க ஆள் இருக்கிறது, கையேடு இருக்கிறது. லைனக்ஸ் இயங்குதளத்தில் எப்படி நிறுவுவது என்று சொல்லித்தர ஆயிரம் வீடியோ இருக்கிறது. இதையெல்லாம் கடலூரில் உட்கார்ந்து நாம் மறுபடி செய்து காட்டவேண்டியதில்லை. உங்கள் மூன்று கூட்டமும் 'நிறுவுவது எப்படி', 'தானியக்கத்தில் புதிய போக்குகள்' என்றே போயிருக்கிறது. கூட்டம் குறைந்ததற்கு அதுவே காரணம் என்பேன்.

லெவின் ஊர்க்காரருக்குத் தெரியாதது எது? கலெக்டர் காலை ஆறு மணிக்கு விடும் மழை விடுமுறை.

சிரிக்காதீர்கள். கவுன்ட்டரில் உட்காரும் உங்கள் உதவியாளரைக் கேட்டுப் பாருங்கள், ஐப்பசி, கார்த்திகையில் என்ன சண்டை நடக்கிறதென்று. புத்தகம் திருப்பவேண்டிய நாளில் கல்லூரி மூடியிருக்கும். மறுநாள் கொண்டுவரும் பிள்ளைக்குக் கோஹா அபராதம் காட்டும். "லீவு விட்டது நீங்கதானே" என்று அது கேட்கும், நியாயம்தான். புத்தகம் கொடுக்கும்போதே கெடுத் தேதி கணக்காகிவிடுகிறது. அப்புறம் நாட்காட்டியில் விடுமுறையைச் சேர்த்தாலும் அந்தத் தேதி தானாக நகராது. ஆனால் அபராதம் கணக்கிடும்போது மூடியிருந்த நாட்களைக் கழித்துவிடும்படி அமைப்பில் சொல்லிவைக்கலாம். அப்படிச் சொல்லியிருந்து, விடுமுறை அறிவிப்பு வந்த அன்றைக்கே யாராவது நாட்காட்டியில் போட்டுவிட்டால் சண்டை இல்லை. யார் போடுவது, வீட்டிலிருந்தே போட முடியுமா, மறந்துபோனால் அபராதத்தைத் தள்ளுபடி செய்ய யாருக்கு அனுமதி தருவது? இதுதான் உள்ளூர்க் குழு பேசவேண்டிய விஷயம்.

நாட்காட்டி என்றதும் இன்னொன்று. உங்களுடையதை பாகூர்க்காரருக்கு அப்படியே காப்பி எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். பக்கத்தில்தான் இருக்கிறது என்றாலும் பாகூர் புதுச்சேரியைச் சேர்ந்தது. புதுச்சேரிக்கு ஆகஸ்ட் 16 விடுமுறை உண்டு, நவம்பர் 1 உண்டு. உங்களுக்கு அவை வேலை நாள். சிதம்பரம் ஆருத்ரா தரிசனத்துக்கு உங்கள் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விட்டால் எங்களுக்கு அது வேலை நாள். வருடத் தொடக்கத்தில் ஒரு மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்து இரண்டு நாட்காட்டி தயாரித்துவிட்டால், ஒரு டஜன் நூலகங்களுக்கு ஒரு வருடத்துத் தலைவலி மிச்சம்.

அடுத்தது தமிழ். என்னைக் கேட்டால் குழுவின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. ஆங்கிலப் புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன் எண்ணைத் தட்டினால் வெளிநாட்டு நூலகங்களிலிருந்து மார்க் பதிவு (கணினி படிக்கும் நூற்பட்டியல் பதிவு) வந்து விழுந்துவிடும். தமிழ்ப் புத்தகத்துக்கு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பதிவு கிடைத்தாலும் பெரும்பாலும் ரோமன் எழுத்தில், மேலே கோடும் கீழே புள்ளியும் போட்டு இருக்கும். நம் பிள்ளை தமிழில் தட்டித் தேடினால் ஒன்றும் வராது. அதனால் ஒவ்வொரு கல்லூரியும் ஒரே நாவலை அதனதன் இஷ்டத்துக்குத் தட்டெழுதி வைத்திருக்கிறது. உங்கள் ஊர் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர் ஜெயகாந்தன். உங்கள் நூலக ஓபேக்கில் (வாசகர் தேடும் கணினிப் பட்டியலில்) அவர் எத்தனை பேராக இருக்கிறார் என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள். 'த. ஜெயகாந்தன்', 'ஜெயகாந்தன், த.', 'ஜெயகாந்தன்', புள்ளி இல்லாமல் ஒன்று, புள்ளிக்குப் பிறகு இடைவெளி இல்லாமல் ஒன்று. நான் பார்த்த ஒரு நூலகத்தில் ஐந்து பேராக இருந்தார். புதுச்சேரியில் பாரதிதாசனை எடுத்துக்கொண்டால் கனக சுப்புரத்தினம் என்று தேடுகிறவரும் அவரிடமே போய்ச் சேரவேண்டும். கோஹாவில் இதற்கு வழி இருக்கிறது. ஓர் ஆசிரியரின் பெயருக்கென்று வைக்கும் அத்தாரிட்டி பதிவில் 100-ஆம் புலத்தில் ஒரு பெயரை நிலையாக வைத்து, மற்ற வடிவங்களை 400-இல் போட்டுவிட்டால் போதும். ஆனால் நிலையான பெயர் எது? இனிஷியல் முன்னாலா, பின்னாலா? புனைபெயரா, இயற்பெயரா? நியூசிலாந்தில் இருந்துகொண்டு இதை யாரும் நமக்கு முடிவு செய்து தரமாட்டார்கள். நாலு நூலகர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, சண்டை போட்டு, ஒரு பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எழுதிவைத்த பிறகு அடுத்த படி சுலபம். கோஹாவை ஸீ 39.50 சர்வராக, அதாவது மற்ற நூலகங்கள் நம் பதிவுகளைத் தேடி எடுத்துக்கொள்ளும்படி, திறந்துவிட முடியும். உங்களிடம் இருக்கும் நல்ல தமிழ்ப் பதிவை நெய்வேலிக்காரர் ஒரு கிளிக்கில் இழுத்துக்கொள்வார். அவருடையதை நீங்கள். அப்போது பாருங்கள், யாரும் அழைக்காமலே கூட்டத்துக்கு வருவார்கள். இன்னும் தமிழ்த் தேடல் சரியாக வேலை செய்யவில்லை என்று உங்களுக்கு நிச்சயம் நாலு போன் வந்திருக்கும். கோஹாவின் தேடலுக்கு அடிப்படையான செப்ரா அட்டவணையை, யூனிகோடு எழுத்துகளைச் சரியாகக் கையாளும் ஐசியு முறைக்கு மாற்றி, முழுவதையும் மறுபடி கட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் பழைய ஃபான்டில் தட்டிய டேட்டாவை யூனிகோடுக்கு மாற்றாமல் அப்படியே ஏற்றியிருப்பார்கள். திரையில் எழுத்துக் குப்பையாகத் தெரிகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

திரையில் வரும் தமிழ்ச் சொற்களும் உங்கள் குழுவுக்கான வேலைதான். கோஹாவின் இடைமுகத்தை யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம், அதற்கென்றே இணையத்தில் இடம் வைத்திருக்கிறார்கள். அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு இறங்கினால் என்ன ஆகும்? ஹோல்டு என்பது 'பிடி' ஆகிவிடும். நம் ஊரில் அதை முன்பதிவு என்றால்தான் புரியும். பேட்ரன் என்பதைப் 'புரவலர்' என்று போடத் தோன்றும். தமிழ்நாட்டுப் பொது நூலகத்தில் புரவலர் என்றால் நன்கொடை கொடுத்துச் சேர்பவர். முதலாண்டு மாணவனைப் போய்ப் புரவலர் என்று அழைத்தால் அவன் பர்ஸைத் தொட்டுப் பார்ப்பான். இந்த வித்தியாசம் கவுன்ட்டரில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும்.

அதனால்தான் சொல்கிறேன், அடுத்த கூட்டத்துக்குத் தலைப்பு வைக்காதீர்கள். மாதம் ஒரு நூலகம். அந்த நூலகத்தின் கோஹாவே திரையில் இருக்கட்டும், அந்த நூலகத்தில் சிக்கி நிற்கும் ஒரு பிரச்சினையை மட்டும் எடுங்கள். தீராவிட்டால் பரவாயில்லை, அடுத்த மாதம் தொடரலாம். நூலகர் மட்டும் வராமல், இஷ்யூ பார்க்கும் உதவியாளரையும் அழைத்து வரச் சொல்லுங்கள். சொல்லப்போனால் இரண்டு பேரில் ஒருவர்தான் வரமுடியும் என்றால் உதவியாளர் வரட்டும். முடிந்தால் கணினித் துறை லேபைப் பார்த்துக்கொள்ளும் தம்பியையும். விழுப்புரத்திலும் புதுச்சேரியிலும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் குழுக்கள் பல வருடமாக இயங்குகின்றன. லைனக்ஸ் பக்கத்துச் சிக்கலுக்கு அந்தப் பிள்ளைகளைக் கேட்கலாம். அவர்களுக்கு மார்க் தெரியாது, நமக்கு டெர்மினலில் கட்டளை தட்டத் தெரியாது. நல்ல பொருத்தம். டீயும் பிஸ்கட்டும் போதும். ஓ.டி. கிடைக்காது என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு எனக்கு ஒரே ஒரு உபாயம்தான் தெரியும்: கூட்டம் நடக்கும் கல்லூரியின் முதல்வர் பெயரில் ஒரு பக்கக் கடிதம், 'எங்கள் நூலகத்தின் கோஹா பராமரிப்புக்கு உதவ' என்று. பயிற்சி முகாம் என்றால் யோசிப்பார்கள், பராமரிப்பு என்றால் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

சங்கப் பதிவு இப்போது வேண்டாம். கடலூரில் பதிவு செய்தால் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டம், புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்கு வேறு சட்டம். குறைந்தது ஏழு பேர் வேண்டும், வருடா வருடம் கணக்கும் விவரமும் தாக்கல் செய்யவேண்டும். ஐந்து பேர் வரும் குழுவுக்கு ஏழு பேர் கையெழுத்து எங்கே தேடுவது? தலைவர், செயலாளர், பொருளாளர் என்று போட்டதும் மீதி இரண்டு பேருக்கும் மனஸ்தாபம் வேறு. பணம் கையாள வேண்டிய நாள் வந்தால் அன்றைக்கு யோசிக்கலாம்.

செலவு ஏற்கும் நண்பர் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். கோஹாவுக்குக் காசு வாங்கிச் சேவை செய்வது தப்பே இல்லை. மென்பொருள்தான் இலவசம், உழைப்பு இலவசமில்லை. அவரும் குழுவில் இருக்கட்டும், தெரிந்ததைச் சொல்லித் தரட்டும். ஆனால் அழைப்பிதழில் அவர் நிறுவனத்தின் பெயர் வந்தால் அது அவருடைய வாடிக்கையாளர் சந்திப்பாகிவிடும், போட்டி நிறுவனத்தில் சர்வீஸ் வாங்கும் நூலகர் வரமாட்டார். குழுவின் குறிப்புகள், நாட்காட்டி, பெயர்ப்பட்டியல் எல்லாவற்றையும் அவருடைய கணக்கில் சேமித்து வைக்கவும் கூடாது. உலக அளவிலேயே இது நடந்திருக்கிறது. கோஹா சமூகத்தின் வலைத்தளம் ஒரு தனி நிறுவனத்தின் கையில் இருந்ததால், 2010-இல் சமூகம் வேறு முகவரிக்குக் குடிபெயர வேண்டி வந்தது. பொதுச் சொத்தைக் காக்கும் பொறுப்பை அந்த லெவின் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள். உங்களுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். இரண்டு வெவ்வேறு கல்லூரிகளில் இரண்டு பேரிடம் ஒரே பிரதி இருந்தால் போதும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த இடத்தில் கோஹாவை நிறுவித் தந்த தம்பி கெட்டிக்காரர். ஒருநாள் வேறு வேலை கிடைத்து வளைகுடாவுக்குப் போய்விட்டார். சர்வரை முழுதாக ஆளும் ரூட் பாஸ்வேர்டு அவர் தலையோடு போயிற்று. அவரை அனுப்பிய நிறுவனமோ புதிதாக நிறுவித் தருகிறோம், கட்டணம் இவ்வளவு என்றது. பன்னிரண்டு நாள் லெட்ஜரில் இஷ்யூ போட்டோம். தப்பு என்னுடையதும்தான், கேட்டு எழுதி வைத்துக்கொள்ளவில்லை. அதனால் குழுவில் இருக்கும் ஒவ்வொரு நூலகத்திலும் பாஸ்வேர்டுகளை எழுதி உறையில் போட்டு ஒட்டி, முதல்வர் அறை பீரோவில் வைக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேலை, இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். டெபியன் என்ற லைனக்ஸ் வகையின் முறையில் நிறுவிய கோஹா தினமும் தானாக பேக்கப் எடுக்கிறது. பலர் அதோடு நிம்மதியாகிவிடுகிறார்கள். அது அதே கணினியின் அதே டிஸ்க்கில்தான் உட்கார்ந்திருக்கும், மாற்றி வைக்காவிட்டால் இரண்டு நாளுக்கு மேல் பழையதை வைத்துக்கொள்ளாது. நம் கடற்கரையில் இது போதுமா? 2011-இல் கோஹா பயனர்களின் உலக மாநாடு மும்பைக்குப் பக்கத்தில் தானே நகரத்தில் நடந்தது. அதே வருடம் டிசம்பர் 30 விடியற்காலையில் 'தானே' புயல் நம் மேல் வந்து விழுந்தது. பெயர் ஒற்றுமை தற்செயல்தான், புயலுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது மியான்மர். முந்திரித் தோப்பும் பலாவும் சாய்ந்தது உங்களுக்கு மறந்திருக்காது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை. தரைத்தளத்தில் இருந்த ஒரு நூலகத்தில் சிபியு தரையிலேயே இருந்தது. பேக்கப்பும் அதற்குள்ளேயே.

பேக்கப் எடுத்திருக்கிறேன் என்று சொல்பவரிடம், கடைசியாக எப்போது அதை வேறு கணினியில் ஏற்றிப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். பேச்சு நின்றுவிடும். ஆகஸ்ட் 12 நூலகர் நாள். கொள்ளிடப் பாலத்துக்கு அந்தப் பக்கம் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதனுக்கு எல்லாக் கல்லூரியிலும் மாலை போடுவோம், போடட்டும். அந்த வாரத்துச் சனிக்கிழமையைக் குழுவின் மீட்பு நாளாக வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு இரண்டு மாதம் முன்னால், சரியான நேரம். லேபில் சும்மா கிடக்கும் ஒரு கணினியில் புதிதாக லைனக்ஸ் போட்டு, தன் நூலகத்தில் இருக்கும் அதே வெர்ஷன் கோஹாவை நிறுவி, பேக்கப்பில் வரும் இரண்டு கோப்புகளையும் கொண்டு மீட்டுப் பார்க்கவேண்டும். அட்டவணையை மறுபடி கட்டிவிட்டு ஒரு தமிழ்ப் புத்தகத்தைத் தேடி, ஓர் உறுப்பினர் கணக்கைத் திறந்து, ஒரு இஷ்யூ போட்டுப் பார்த்தால் முடிந்தது. முதல் தடவை பாதிப் பேருக்கு மீட்பு சரியாக வராது. கோப்பு காலியாக இருக்கும், வெர்ஷன் பொருந்தாது, ஒருவர் பென்டிரைவை வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பார். அன்றைக்கு மீட்க முடியாமல் போன பாதிப் பேர் செப்டம்பரில் தாமாகவே உங்களுக்குப் போன் செய்வார்கள்.

அந்த ஐந்து பேருக்கும் முதலில் சொல்லிவிடுங்கள். இடம் திருப்பாதிரிப்புலியூர் பக்கமாக இருந்தால் ரயிலிலும் பஸ்ஸிலும் வருகிறவர்களுக்கு வசதி. தேதி முடிவானதும் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், ஒரு காலி ஹார்ட் டிஸ்க் என்னிடம் இருக்கிறது, எடுத்துக்கொண்டு வருகிறேன்.